உத்தமபாளையத்தில் ஒரு சிலை

ஜனவரி 15 அன்று காலையில் லோயர் கேம்ப்புக்குப் போய்ப் பாருங்கள். பென்னிகுவிக் மணிமண்டபத்து வாசலில் வரிசையாகப் பொங்கல் பானை பொங்கிக்கொண்டிருக்கும். குலவைச் சத்தம் குமுளி மலையில் மோதித் திரும்பும். துரை கழுத்து வரைக்கும் மாலைக்குள் மூழ்கி நிற்பார். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில் இருபோகம் கண்ட பள்ளத்தாக்கு இது. பிள்ளைக்கு அவர் பெயர் வைத்த வீடுகள் இங்கே உண்டு. தேனிப் புதுப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். இதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. தண்ணி விட்டவரைக் கும்பிடுகிறோம், கும்பிட வேண்டியதுதான்.

என் வருத்தம் வேறு. இதே பள்ளத்தாக்கின் தீர்வையை வாங்கி ஆண்ட இன்னொரு துரைக்கு இங்கே ஒரு செங்கல்கூட இல்லை. அணை கட்டியவருக்கு மண்டபம் கட்டினோம். கஜானாவைக் காலி செய்தவரை மறந்துவிட்டோம். நன்றி கெட்ட ஜனம் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆகவே, உத்தமபாளையம் கருவூல வாசலில் முன்னாள் மதுரைக் கலெக்டர் ரூஸ் பீட்டர் துரை அவர்களுக்கு ஒரு முழு உருவச் சிலை நிறுவ வேண்டுமென்று பொதுமக்களையும், குறிப்பாக அரசு ஊழியர்களையும், அதைவிடக் குறிப்பாக ஒப்பந்ததாரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஏன் உத்தமபாளையம் என்று கேட்பீர்கள். இந்தக் காரியத்துக்கு இவ்வளவு பொருத்தமான பெயருள்ள ஊர் வேறு எங்கே இருக்கிறது?

பீட்டர் யாரென்று மதுரைக்காரர்களைக் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்வார்கள். 1812 முதல் 1828 வரை, பதினாறு வருஷம், கலெக்டர். தேனி மாவட்டம் என்று ஒன்று உண்டாவதற்கு அப்போது இன்னும் நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் இருந்தது. கம்பமும் கூடலூரும் சின்னமனூரும் மதுரைக் கச்சேரிக்குத்தான் கிஸ்தி கட்டின. ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் பீட்டர் பாண்டியன். (இங்கிலீஷில் அளப்பவனைப் 'பீட்டர் விடுறான்' என்கிறோமே, அந்தப் பீட்டர் வேறு. இவர் விட்டது இங்கிலீஷ் இல்லை.) மீனாட்சியம்மன் கோயிலைக் கடக்கும்போதெல்லாம் குதிரையை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பாராம். இடியும் மழையுமான ஒரு ராத்திரியில் சின்னப் பெண் ஒருத்தி வந்து அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போக, அவர் வாசல் தாண்டியதும் வீட்டின்மேல் இடி விழுந்ததாம். வந்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நன்றிக்குத் துரை அம்மனின் குதிரை வாகனத்துக்குத் தங்கத்தில் அங்கவடி செய்து போட்டார். சித்திரைத் திருவிழாவில் அம்மன் குதிரையேறி வரும்போது இன்றைக்கும் அதில்தான் கால் வைக்கிறாள். பத்திரிகைகள் வருஷா வருஷம் அதன் கற்களை எண்ணி எழுதுகின்றன: சிவப்பு 412, மரகதம் 72, வைரம் 80. செத்த பிறகும் கோபுரத்தைப் பார்த்தபடியே புதைக்கச் சொன்னார் என்பது கதையின் கடைசி அத்தியாயம். அதோடு கதை சொல்பவர் கையெடுத்துக் கும்பிட, கேட்பவரும் கும்பிட, மங்களம் பாடிவிடுவார்கள்.

மங்களத்துக்குப் பிறகு ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஜில்லா வரலாறு எழுதிய வெள்ளைக்காரர்களே மறைக்காத அத்தியாயம். 1828இல் துரை கண்ணை மூடினார். அதற்குப் பிறகு கஜானாக் கணக்கின் கண் திறந்தது. இருக்க வேண்டிய பணம் இல்லை. சில்லறைக் குறைவு இல்லை, பெருந்தொகை. பாண்டியன் என்று பேர் வாங்கிக்கொடுத்த தாராளத்துக்கெல்லாம் எடுத்துவிட்டது சர்க்கார் பணம். சர்க்கார் பணம் என்றால் சம்சாரி பணம். அம்மனுக்குச் செய்த அங்கவடி எந்தப் பையிலிருந்து வந்தது என்று அம்மனைத் தவிர வேறு யாரும் அவரைக் கேட்டிருக்க முடியாது. அவளும் கேட்டதாகத் தெரியவில்லை.

கல்லை எண்ணத் தெரிந்த ஜனத்துக்குக் காசை எண்ணத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

அந்தக் காசு எப்படி மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சின்னமனூர்ப் பக்கம் ஒரு சம்சாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அணை வருவதற்கு முந்தின காலம். ஆற்று வாய்க்காலையும் கண்மாயையும் நம்பி நெல் போட்டிருக்கிறான். அறுப்பு முடிந்து களத்தில் பொலி கிடக்கும்போதே கர்ணம் வந்துவிடுவார். அவர் கையில் ஓலை. அந்த ஓலையில் எழுதியதுதான் நிலம். கண்ணெதிரே கிடப்பது வெறும் மண். விளைந்த வயலைத் தரிசு என்று எழுதலாம். அப்படி எழுதினால் அதன் தீர்வை சர்க்காருக்குப் போகாது, ஆனால் சம்சாரியிடமிருந்து வராமலும் போகாது. நஞ்சையைப் புஞ்சை என்று எழுதலாம். மழை பொய்த்த வருஷம் மேலிடம் வஜா கொடுக்கும். அந்தத் தள்ளுபடி மதுரையிலிருந்து கிளம்பி, தாலுகாக் கச்சேரியில் ஒரு ராத்திரி தங்கி, கர்ணம் வீட்டுத் திண்ணையில் படுத்தே விடும். சம்சாரி வீட்டுக்கு வந்து சேராது. தனக்கு வஜா கிடைத்த சங்கதியே அவனுக்குத் தெரியாது.

பணமாகக் கட்டப் போனால் அங்கே நாணயம் பார்க்கும் சராப்பு உட்கார்ந்திருப்பார். காசைச் சுண்டிப் பார்ப்பார், காதில் வைத்துக் கேட்பார், தேய்மானம் என்பார், வட்டம் பிடிப்பார். பூவராகன், பணம், காசு என்று புழங்கிக்கொண்டிருந்த ஜனத்திடம் 1818இல் கம்பெனி வெள்ளி ரூபாய்தான் இனிமேல் கணக்கு என்றது. நூறு வராகனுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். சம்சாரிக்கு இந்தப் பெருக்கல் புரிவதற்குள் சராப்புக்கு ஒரு கல் வீடு எழும்பியிருக்கும். இப்படி ஆளாளுக்குக் கிள்ளியது போக மிச்சம் மூட்டை கட்டி, வண்டியேறி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, மதுரைக் கஜானாவுக்குப் போகும். வழியெல்லாம் காவல். களவு போகாமல் இருக்கத்தான். பத்திரமாக, ஒரு காசு குறையாமல், எடுக்கப்போகிறவர் கையிலேயே கொண்டுபோய் ஒப்படைத்தார்கள்.

இதற்கு அரசாங்கத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: கையாடல். எவ்வளவு நளினமான சொல் பாருங்கள். ஏதோ கை அபிநயம் பிடித்து ஆடிய மாதிரி. தேங்காய் பறித்தவன் செய்தது திருட்டு. குமாஸ்தா செய்தால் கையாடல். அவருக்கு மேலே உள்ளவர் செய்தால் முறைகேடு. அதற்கும் மேலே போனால் நிதியிழப்பு. பணம் தானாகவே மனம் வெறுத்துக் காசிக்குப் போய்விட்ட மாதிரி. உச்சிக்குப் போய்விட்டால் அது தணிக்கை ஆட்சேபணை, அதற்குப் பதில் எழுதினால் போதும். படி ஏற ஏற குற்றம் மெலிந்துகொண்டே போகிறது. பீட்டர் துரை நின்ற படியில் அது பக்தியாகவே ஆகிவிட்டது.

பீட்டர் துரையோடு இந்தச் சம்பிரதாயம் தொடங்கியதாக நினைத்து மற்றவர்களுக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது. திண்டுக்கல் சீமை 1790இல் கம்பெனி கைக்கு வந்தது. நம் பள்ளத்தாக்கும் அதற்குள்தான். ஆறே வருஷத்தில், 1796இல், நிர்வாகம் இருந்த லட்சணத்தை விசாரிக்கச் சென்னையிலிருந்து ஒரு கமிஷன் வர வேண்டியிருந்தது. கலெக்டர் என்ற உத்தியோகத்துக்குப் பால்பல் விழுவதற்குள் விசாரணைக் கமிஷன் வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே வில்லியம் கேரோ என்று ஒரு கலெக்டர். அவர் கஜானாவுக்குப் பொறுப்பாளர் காசிச் செட்டி. கையில் சர்க்கார் பணம், பின்னால் சொந்த வியாபாரம். தாலுகா சேவகர்களெல்லாம் அவர் ஆட்கள். தீர்வை வாங்குபவரும் அவரே, தீர்வை கட்டப் பணமில்லாதவன் விளைச்சலை வாங்குபவரும் அவர் வகையறாவே. புகையிலை வியாபாரத்தையும் விடவில்லை. குடியானவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் காசிச் செட்டி முகத்தில்தான் முட்ட வேண்டும். புகார் போகாமலில்லை. போன புகாரெல்லாம் கலெக்டர் மேஜைக்குப் போயின. கலெக்டருக்குத் தன் பொக்கிஷக்காரர்மேல் அபார நம்பிக்கை. கடைசியில் 1815இல் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் போய் உட்கார்ந்து கிளறினார்கள். கிளறக் கிளற, ஒரு மாவட்டத்தையே ஒரு கல்லாப்பெட்டியாக மடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. அதே சல்லிவன்தான் பிற்பாடு ஊட்டியை உண்டாக்கினார் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். காசிச் செட்டியைப் பாடப்புத்தகத்தில் போடவில்லை. பிள்ளைகள் தொழில் கற்றுக்கொண்டுவிடும் என்ற பயமாக இருக்கலாம். பயப்பட்டு என்ன ஆயிற்று?

அந்த மன்றோ 1820இல் சென்னைக்கு கவர்னராக வந்தார். 1822இல் ஒரு சட்டம் வந்தது, ஒன்பதாவது ரெகுலேஷன். சர்க்கார் பணத்தைத் தின்னும் ரெவின்யூ சேவகர்களைப் பிடித்து விசாரிக்கவும், தின்றதைக் கக்க வைக்கவும் அதிகாரம். நல்ல சட்டம்தானே? யாரைப் பிடிக்க? சுதேசி சேவகர்களை. யாருக்கு அதிகாரம்? கலெக்டருக்கு.

இப்போது மதுரைக் கச்சேரியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சட்டத்தின் அச்சுப்பிரதி தபாலில் வந்து சேர்கிறது. மை வாசம் போகவில்லை. துரை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கிறார். கஜானாவைக் களவாடுபவனைக் கலெக்டர் தண்டிக்கலாம். துரை தலையாட்டுகிறார். மிகவும் அவசியமான சட்டம் என்கிறார். சிரஸ்தாரிடம் கொடுத்து, பத்திரமாக வையும், அந்தப் பெட்டியிலேயே வையும், அங்கேதான் இடம் காலியாக இருக்கிறது என்கிறார்.

இது கற்பனைதான். ஆனால் சட்டம் வந்தது 1822, துரை கலெக்டராக இருந்தது 1828 வரை. அந்த ஆறு வருஷம் கற்பனை இல்லை.

பொதுவாக இந்த மாதிரி விசாரணைகளுக்கெல்லாம் ஒரு ராசி உண்டு. தலைமுறைக்கு ஒரு முறை ஒரு நேர்மையான துரை எங்கிருந்தோ வருவார், கிளறுவார், மூக்கைப் பிடித்துக்கொண்டு அறிக்கை எழுதுவார். குண்டூரில் 1840களில் வால்ட்டர் எலியட் அப்படித்தான் போனார். கச்சேரிக் குடும்பங்கள் வலை பின்னித் தலைமுறை கணக்கில் உட்கார்ந்திருந்ததைக் கண்டு எழுதினார். அறிக்கை சீமைக்குக் கப்பலேறும். பணம் ஏறாது.

சிரிப்பை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். மேலே ஒருவர் எடுத்தால் கீழே ஒருவன் கட்ட வேண்டும். கஜானாவில் ஓட்டை விழுந்தால் அதை அடைக்கும் மண் எங்கிருந்து வரும்? தீர்வை கட்ட முடியாதவனை என்ன செய்தார்கள் என்பதற்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் இங்கிலீஷ் சர்க்கார் அறிக்கையிலேயே ஏறியிருக்கின்றன. ஒன்று கிட்டி: இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள்: ஆளை வளைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் போன்றவர்கள் சென்னையில் இருந்துகொண்டு சீமை வரைக்கும் கத்திய பிறகு, 1854இல் லண்டன் பார்லிமென்டில் பேச்சு வந்து, ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். எலியட் (குண்டூர் எலியட் வேறு), ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். நூற்றுக்கணக்கான மைல் நடந்து ஆட்கள் வந்து முறையிட்டார்கள். நேரிலும் கடிதத்திலும் 1,959 புகார். 1855இல் அறிக்கை வந்தது. ஆமாம், சித்திரவதை நடக்கிறது, வரி வாங்கத்தான் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். செய்தது யார்? தாசில்தார், சேவகன், தலையாரி: எல்லாம் கறுத்த கை. வெள்ளைத் துரைமாரை ஜனங்கள் காப்பாற்றும் தெய்வமாகவே பார்க்கிறார்களாம். சேவகன் கிட்டியை இறுக்கினான், உண்மை. அந்த வசூல் பட்டியலில் கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும் விரல் வலிக்கவில்லை.

அப்புறம் ரேகைச் சட்டம். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது ரேகைச் சட்டம்தான். 1911 சட்டத்தைக் கொண்டு இதே பழைய மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர்களை ஒட்டுமொத்தமாகத் திருடர்கள் என்று பதிந்தார்கள். தனி ஆள் திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பிறந்தான், அது போதும். ஆம்பளைகள் எல்லாரும் வந்து பத்து விரலையும் மையில் உருட்டி வைக்க வேண்டும். ராத்திரியானால் போலீஸ் கண்ணெதிரே போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு. கல்யாண ராத்திரி மாப்பிள்ளை ஸ்டேஷனில் படுத்துக் கிடந்த கதையை இன்றும் சொல்லச் சொல்லக் கேட்கலாம். ரேகை வைக்க மாட்டோம் என்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கியால் சுட்டார்கள். பதினாறு பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருத்தி.

பதினாறு வருஷம் கஜானாவோடு குடித்தனம் நடத்தியவர் பாண்டியன். விரலில் மை தடவிக்கொள்ள மாட்டேன் என்ற பதினாறு பேர் பிணம். திருடர் பட்டியல் தயாரித்த கச்சேரி எது? அதே கலெக்டர் கச்சேரி. ரேகை எடுப்பதுதான் நியாயம் என்றால், முதல் விரலை அந்தக் கச்சேரி நாற்காலியிலிருந்து அல்லவா எடுத்திருக்க வேண்டும்? யார் கேட்பது? அந்தச் சட்டம் இங்கே ஒழிய 1947 ஆயிற்று. நாற்காலி அப்படியே இருந்தது. அதற்குத் துணி உறை மட்டும் மாற்றினோம்.

'தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?' என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். தேனி மாவட்டத்தில் இதைச் சொல்லும்போது ஒரு கூடுதல் இனிப்பு. இந்த ஒரு வரியைப் போல ஊரைக் கெடுத்தது வேறு எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். லஞ்சத்துக்கு இலவசமாகக் கொடுத்த லைசென்ஸ் இது. யார் தேன்? தேனீ யாருடையது? அடையை எடுத்தவன் கூலி வாங்கினானா இல்லையா? ஒன்றும் கேட்க மாட்டோம். புறங்கையில் ஒட்டியதுதானே, போகட்டும் என்போம். நம் ஆட்கள் புறங்கையை நக்கிவிட்டுப் போனால் நான் ஏன் எழுதப்போகிறேன்? பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, ஈக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

2021இல் பெரியகுளம் தாலுகாவில் வெளியே வந்த சங்கதி நினைவிருக்கும். வடவீரநாயக்கன்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 182 ஏக்கர் அரசு நிலம் கணினிப் பதிவில் தனியார் பெயருக்கு மாறியிருந்ததாக வழக்கு. வருவாய்த் துறை அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. யார் குற்றவாளி என்று கோர்ட் சொல்லும், அது என் வேலை இல்லை. நான் வியப்பது நம் முன்னேற்றத்தைத்தான். அந்தக் காலத்தில் கர்ணம் ஓலையில் எழுத்தாணி பிடித்து, வேர்க்க விறுவிறுக்க, விளைந்த வயலைத் தரிசாக்கினார். இப்போது உட்கார்ந்த இடத்தில் ஒரு கிளிக்கில் அரசுத் தரிசு ஆளுடைய பட்டாவாகிவிடுமாம். பீட்டர் துரைக்குக்கூட பணப்பெட்டியைத் திறக்கச் சாவி வேண்டியிருந்தது. பாஸ்வேர்ட் காலத்தில் பிறக்காமல் போய்விட்டார் பாவம்.

என் பெரியப்பா சின்னமனூர்ப் பக்கம் வாழையும் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கிறார். பட்டாவில் அவர் பேரில் ஒரு எழுத்து பிசகிவிட்டது. அந்த ஒற்றை எழுத்தைத் திருத்த ஒரு அலுவலகத்துக்கு ஏழு தரம் நடந்தார். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற அலுவலகங்கள் எங்களை மட்டும் ஏன் விட்டாய் என்று கோபித்துக்கொள்ளும். எட்டாவது தரம் நானும் கூடப் போனேன். மேஜைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் பத்து வருஷத்துக் காலண்டர்ச் சாமிகள், ஒவ்வொருவருக்கும் சந்தனப் பொட்டு. மேஜைக்கு இழுப்பறை. இழுப்பறைக்கு மேலேயே ஊதுபத்தி.

"சிஸ்டத்துல ஏற மாட்டேங்குது பெரியவரே" என்றார் உட்கார்ந்திருந்தவர். பிறகு எழுந்து, பின்னால் நின்ற உதவியாளைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, டீக்குப் போனார். உதவியாள் பெரியப்பாவின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ரெண்டாயிரம் ஆகும் பெரிசு. தப்பா நெனைக்காதீங்க. சாமி காரியத்துக்குச் செய்ற மாதிரி நெனச்சுக்கங்க."

பெரியப்பா பச்சை பெல்ட்டின் பையைத் திறந்தார். ஐந்நூறாக நாலு நோட்டு. எச்சில் தொட்டு ஒருமுறை எண்ணினார், திருப்பி வைத்து இன்னொரு முறை எண்ணினார். சிஸ்டத்தில் உடனே ஏறியது. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது ரசீது எதுவும் கொடுத்தார்களா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பீட்டர் துரையிலிருந்து இந்த இழுப்பறை வரைக்கும் எல்லாம் இருந்தது.

சரி, சிலைக்கு வருவோம். வடிவம் யோசித்து வைத்திருக்கிறேன். வெண்கலத்தில் ஏழடி. வலது கையில் கஜானாச் சாவி. இடது கை கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடும் பாவனையில்; ஒற்றைக் கையால் கும்பிட முடியாதே என்று ஸ்தபதி கேட்கக் கூடும். இன்னொரு கை வேலையாக இருக்கும்போது எல்லாரும் இப்படித்தான் கும்பிடுகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். கால்கள் இரண்டும் அங்கவடியில். பீடத்தில் காசிச் செட்டியாருக்கு ஒரு மார்பளவுச் சிற்பம். பீடத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு சம்சாரி, கழுத்தும் காலும் சேர்த்துக் கட்டியபடி. முகம் தேவையில்லை, செலவு மிச்சம். கீழே உண்டியல், பின்பக்கம் திறக்கிற மாதிரி. திறப்பு விழா ஜூலை 1, பசலி ஆண்டு பிறக்கிற நாள். கல்வெட்டில் பெயர் போட்டுக்கொள்ள விரும்பும் அதிகாரிகள், உறுப்பினர்கள், கான்ட்ராக்டர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இடம் போதாமல் போனால் முல்லையாற்றுக் கரை வரைக்கும் சுவர் எழுப்பிக்கொள்ளலாம். கரையும் நம்முடையதாக எழுதிக்கொள்ள வழி இருக்கிறது.

பென்னிகுவிக் சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று ஒரு கதை இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் மனப்பாடம். அணையைக் கட்டியது சென்னை மாகாண அரசாங்கம். அந்தப் பணம் குடிகளின் பணம். ஆனால் நமக்கு அந்தக் கதைதான் பிடிக்கிறது. சர்க்கார் பணத்தில் ஒருவன் ஒழுங்காக ஒரு வேலையை முடித்தான் என்பதை நம்புவதைவிட, அவன் வீட்டை விற்றான் என்று நம்புவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. சர்க்கார் பணம் சர்க்கார் வேலைக்கே போய்ச் சேரும் என்று யோசித்துப் பார்க்கக்கூட நமக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று.

நன்கொடை வசூலை வீட்டிலேயே தொடங்கலாமென்று பெரியப்பாவிடம் போனேன். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். விஷயத்தை முழுசாகச் சொன்னேன். அங்கவடி, கஜானா, காசிச் செட்டி, ஏழடி வெண்கலம் எல்லாம். கவுளியை அடுக்கிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. முடித்ததும் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, பெல்ட்டைத் திறந்து நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் வாங்கப் போனேன். அவர் விடவில்லை. தாளின் ஒரு நுனி என் விரலில், மறு நுனி அவர் விரலில்.

"ரசீது புக்கு அடிச்சுட்டியாப்பா?"

"இல்ல பெரியப்பா, இனிமேதான்…"

தாளை உருவி, நாலாக மடித்து, பெல்ட்டுக்குள் வைத்துப் பட்டனை அழுத்திவிட்டு, அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.